கான் பிரியும் இடத்தில் மண் எந்தப் பக்கம் போகிறது? கொத்மலை ஓயாவிலிருந்து கொட்டியாரக்குடா வரை ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் தோட்டத்துப் பழைய லயத்துக்கு மேலே ஒரு பெரிய கான் இறங்குகிறது. கான் என்றால் வடிகால், லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், ஓயா என்றால் ஆறு. மலையகத்துக்கு வெளியே வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அதன் தலைப்பில் கரட்டும் லீக்ஸும் போடுகிற மரக்கறித் துண்டுகள், அதற்குக் கீழே தேயிலை மலை, அதற்கும் கீழே ஆள் உயரப் பாறை ஒன்று. பாறையில் மோதியதும் தண்ணீர் இரண்டாகப் பிரியும். பெரிய பங்கு நேராக இறங்கி, தலவாக்கலைக்கு மேலே கொத்மலை ஓயாவில் சேருகிற சிற்றாற்றில் விழும். சிறிய பங்கு வலப்பக்கம் திரும்பி, லயத்துக்குப் பின்னால் உள்ள வீட்டுத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு போகும்.

இந்த இரண்டு கான்களையும் முப்பது வருடமாக வெட்டித் துப்புரவாக்கி வந்தவர் என் பெரியப்பா. "வலது கான்ல தண்ணி கொஞ்சந்தான் தம்பி. ஆனா மண்ணு பூரா இங்கதான் வந்து குந்துது" என்பார். மழைக்காலத்தில் வலது கானில் வாரத்துக்கு ஒரு தடவை மண் அள்ள வேண்டும். நேர்க்கானில் வருடத்துக்கு ஒரு தடவை இறங்கினால் போதும். நான் பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறவன். ஆறு கடலைச் சேரும் முன் கிளைகளாகப் பிரிவதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். தண்ணீர் பிரிகிற கணக்கிலேயே மண்ணும் பிரியும் என்று என்னை அறியாமலே நம்பியிருந்தேன். பெரியப்பாவின் வலது கான் அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது.

2024 ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்கியதும் உயர்தர மாணவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போத்தல்களோடு அங்கே போனேன். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள்தான், வேறு கருவி எதுவும் இல்லை. ஒவ்வொரு கானிலும் மேல் தண்ணீரில் ஒன்று, அடித் தண்ணீரில் ஒன்று என்று பிடித்தோம். மழை பிடித்த முதல் அரை மணிக்குள் ஒரு தொகுதி, மழை விட்ட பிறகு இன்னொரு தொகுதி. போத்தல்களை ஆய்வுகூட யன்னலில் வரிசையாக வைத்துவிட்டு, எது எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த ஆய்வின் களவேலை அவ்வளவுதான். மீதி எல்லாம் அந்தப் போத்தல்களை வைத்துக்கொண்டு ஆற்றின் வழியே யோசித்தது.

போத்தலில் தெரிந்தது

போத்தலைக் கீழே வைத்த கையோடு அடியில் ஒரு மணல் வரி விழுந்தது. வலது கானின் அடித்தண்ணீர்ப் போத்தலில் அது ஒரு விரல் தடிப்பு. நேர்க்கானின் போத்தலில் கோடு போட்டது போல மெல்லிசாக இருந்தது. இதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தோம். எதிர்பாராதது ஒன்றும் இருந்தது: மணல் விழுந்த பிறகு மேலே மிஞ்சிய செங்கலங்கல் எல்லாப் போத்தல்களிலும் கிட்டத்தட்ட ஒரே நிறம். வலம், நேர், மேல், கீழ் எதுவானாலும் அதே பால்தேத்தண்ணி நிறம்தான்.

ஆக, கான் வழியே வந்தது ஒரே மண் அல்ல, இரண்டு வகை மண். அவை பிரிகிற விதி வேறு வேறு.

ஒரு மணல் துணிக்கை 0.2 மில்லிமீற்றர் என்றால் அசையாத தண்ணீரில் விநாடிக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் இறங்கும். 0.02 மில்லிமீற்றர் வண்டல் ஒரு மீற்றர் இறங்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். 0.002 மில்லிமீற்றர் களித் துணிக்கைக்கு அதே ஒரு மீற்றர் மூன்று நாள் பயணம். வண்டல், களி போன்ற நுண்துணிக்கைகளில் விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். ஸ்ரோக்ஸ் விதி என்று உயர்தரப் பௌதிகத்தில் படிப்பதுதான் இது. கானில் ஓடும் தண்ணீரின் கொந்தளிப்பு களியை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கலந்து வைத்திருக்கும். மணலை அப்படி வைத்திருக்க முடியாது. மணலும் தொங்கிக்கொண்டுதான் வரும், ஆனால் அடிக்கு அருகே நெருக்கமாகவும் மேலே ஐதாகவும் வரும். எனவே, கிளையொன்று எந்த உயரத்துத் தண்ணீரை இழுக்கிறது என்பதுதான் அதற்கு வரும் மணலின் அளவை முடிவு செய்கிறது. களிக்கு உயரம் பொருட்டில்லை. தண்ணீர் எந்த விகிதத்தில் பிரிகிறதோ அதே விகிதத்தில் களியும் பிரியும்.

வலது கான் இழுத்தது அடித் தண்ணீரை. மேல்தண்ணீர் வேகமாக வருகிறது. வேகமாக வருவதைச் சட்டென்று திருப்ப முடியாது, அது நேராகவே பாய்ந்து போய்விடும். அடித்தண்ணீர் தரையோடு உரசி மெதுவாக வருகிறது, ஆகவே பக்கக் கிளைக்கு எளிதாகத் திரும்பிவிடும். 1926இல் புல்லே என்ற ஜெர்மானியர் ஆய்வுகூடத் தொட்டியில் வாய்க்கால்களைப் பிரித்துப் பார்த்து இதைக் காட்டினார். தண்ணீரைச் சரிபாதியாகப் பிரித்தாலும், தரையோடு வருகிற மணலின் மிகப் பெரும்பங்கு பக்கக் கிளைக்கே போனது. நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் இன்றும் இதைப் புல்லே விளைவு என்றே சொல்கிறார்கள்.

அதே 1926இல் ஐன்ஸ்டைன் ஒரு சிறு கட்டுரையில், கோப்பையில் தேத்தண்ணியைக் கலக்கினால் தேயிலைத் தூள் ஏன் ஓரத்துக்கு ஒதுங்காமல் அடியின் நடுவில் வந்து குவிகிறது என்று விளக்கினார். சுழலும் தண்ணீர் அடியில் உரசி மெதுவாகிறது. மெதுவானதை அழுத்தம் நடுவுக்குத் தள்ளுகிறது. தூளும் கூடவே போகிறது. ஆற்று வளைவின் உட்கரையில் மணல் சேர்வதற்கும் அதே காரணம்தான். உலகத்துக்கே தேயிலை அனுப்பிய மலையில் இருந்துகொண்டு இந்த உதாரணத்தை விட்டுவிட்டு வேறு எதையோ கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு சங்கிலி தொடங்குகிறது. மணல் விழுந்ததும் வலது கானின் தரை உயரும். தரை உயர்ந்தால் தண்ணீர் குறையும், வேகமும் குறையும், இன்னும் மணல் விழும். யாரும் மண்வெட்டியோடு இறங்காவிட்டால் ஓரிரு பருவத்தில் அந்தக் கிளை மூடிவிடும். கழிமுகக் கிளைகளைக் கணிப்பவர்கள் பிரிமுனையில் வைக்கிற சமன்பாடும் இதைத்தான் கேட்கிறது: இரண்டு கிளைகளும் சேர்ந்து நிலைக்குமா, இல்லை ஒன்று மற்றொன்றைச் சாகடிக்குமா? சில நிபந்தனைகளில் நிலைக்கும். பல நிபந்தனைகளில் ஒன்று சாகும்.

மழையின் முதல் அரை மணி

முதல் தொகுதிப் போத்தல்களும் இரண்டாம் தொகுதியும் ஒரே கானில் எடுத்தவை என்று சொன்னால் நம்ப முடியாது. இரண்டாவது தடவை போனபோது கானில் தண்ணீர் முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது. கலங்கல் பாதிகூட இல்லை. காய்ந்து கிடந்த மண்துகளும் போன மழையில் கானில் தங்கியதும் முதல் வெள்ளத்தோடு போய்விட்டன. பிறகு வருகிற தண்ணீருக்கு எடுத்துப்போக இலேசான மண் மிச்சமில்லை. ஆற்று அளவீட்டிலும் இப்படித்தான். ஏறுவெள்ளம் இறங்குவெள்ளத்தைவிடக் கலங்கலாக இருக்கும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் தண்ணீர் இரண்டு மடங்கானால் மண் இரண்டு மடங்காகாது. பொதுவாக அதன் வர்க்கத்துக்கு அருகில், அதாவது நான்கு மடங்கு ஆகும். வருடம் முழுவதும் போகிற மண்ணில் பெரும்பகுதி விரல் விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் போய்விடுகிறது. மாதம் ஒரு தடவை, அதுவும் வெயில் நாளில் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்து "ஆறு சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று எழுதுகிற அறிக்கைகளை இதனால்தான் நான் நம்புவதில்லை.

மேலே மலையில் நடப்பதையும் சொல்லாமல் விட முடியாது. தேயிலைச் செடி நன்றாக மூடிய மலையில் மண் அதிகம் அரிக்காது. பழைய விதைத் தேயிலை செத்து இடைவெளி விழுந்த மலையிலும், புதிதாக நட்டு மூடாத மலையிலும், சரிவோடு மேலிருந்து கீழாகப் பாத்தி போட்ட மரக்கறித் துண்டுகளிலும்தான் அரிப்பு. மீள்நடுகைக்கு முன் ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய பரிந்துரை. குறுக்குக் கான் வெட்டும்போது இடையிடையே மண்வரம்பு விட்டு, ஒவ்வொரு துண்டிலும் மண் தங்கும்படி வெட்டச் சொல்வதும் அப்படித்தான். முன்பு கான் வேலைக்கென்றே ஆள் போடுவார்கள். இப்போது கொழுந்து பறிக்கவே ஆள் இல்லை. கானில் இறங்க யாரை அனுப்புவது? கான் அடைபட்டால் மழைத்தண்ணீர் மலை மேலேயே தன் வழியைத் தேடிக்கொள்ளும். அது வெட்டுகிற வழியில்தான் மண் மொத்தமாக இறங்குகிறது.

நம் மலைமண்ணுக்கு ஒரு தனிக்குணமும் உண்டு. சிவப்பு மஞ்சள் மண்ணில் உள்ள இரும்பு ஒட்சைட்டு களித் துணிக்கைகளைப் பிணைத்துச் சிறு உருண்டைகளாக வைத்திருக்கும். எனவே, களியாக அளந்தால் மூன்று நாள் மிதக்க வேண்டியதில் ஒரு பகுதி வண்டல் அளவு உருண்டையாகவே பயணம் செய்து சீக்கிரம் இறங்கிவிடும். புத்தகத்தில் உள்ள துணிக்கை அளவை வைத்து மட்டும் கணக்குப் போட்டால், மண் உண்மையில் போவதைவிடத் தூரமாகப் போவதாக விடை வரும்.

அணைகள் என்ற சல்லடை

எங்கள் கானின் தண்ணீர் முதலில் போய்ச் சேர்வது தலவாக்கலையில் உள்ள மேல்கொத்மலைத் தேக்கத்துக்கு. 2012இல் திறந்த 150 மெகாவாட் திட்டம் அது; ஆனால் தேக்கம் சிறியது, கொள்ளளவு 8 இலட்சம் கன மீற்றர் அளவுதான். தண்ணீர் அதில் நெடுநேரம் நிற்காது. மணல் தங்கும், களி சுரங்கத்தோடு போய்விடும். அடுத்தது 1985இல் கட்டி முடித்த கொத்மலை நீர்த்தேக்கம், 17 கோடிக் கன மீற்றருக்கு மேல் கொள்வது. அதில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். மணலும் வண்டலும் அங்கேயே படிந்துவிடும். கடந்து போவது பெரும்பாலும் களிதான். நீர்மட்டம் இறங்குகிற மாதங்களில் கொத்மலையின் வால்பகுதிக்குப் போனால், ஓயா தேக்கத்துக்குள் நுழைகிற இடத்தில் விரல் விரலாகப் பிரிந்த மணல்திட்டுகளைப் பார்க்கலாம். கழிமுகம் பார்க்கக் கடற்கரைக்குப் போகத் தேவையில்லை என்று மாணவர்களை அங்கேதான் கூட்டிப் போவேன்.

பொல்கொல்லை இந்தக் கதையில் தனி இடம் பிடிக்கிறது, ஏனென்றால் அது மனிதன் கட்டிய பிரிமுனை. கொத்மலை ஓயாவும் சேர்ந்து வருகிற மகாவலியை 1976இல் கண்டிக்கு அருகே மறித்து, ஒரு பங்கைச் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளை மின்நிலையத்துக்கும் அங்கிருந்து அம்பன் கங்கைப் பக்கமும் திருப்பினார்கள். அதன் தேக்கம் சுமார் 40 இலட்சம் கன மீற்றர்தான். அப்போது மேலே கொத்மலை அணை இல்லை. கம்பளை, பேராதனை வழியாக மலைமண் முழுவதும் நேராக வந்தது. 1988 அளவில் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதம் மண்ணால் நிரம்பியிருந்தது. பன்னிரண்டு வருடம்! நம் ஊரில் மண்ணரிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் எண் இதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு "மகாவலித் தேக்கங்கள் எல்லாம் அப்படி நிரம்புகின்றன" என்று சொல்வது பிழை. சிறிய தேக்கத்துக்குப் பெரிய ஆறு வந்தால் சதவீதம் பெரிதாகத்தான் தெரியும். அதற்குக் கீழே 72 கோடிக் கன மீற்றர் கொள்ளும் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் அதே மண் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது.

விக்டோரியாவுக்குக் கீழே ரந்தெனிகல, அதற்குக் கீழே 1990இல் முடிந்த ரந்தம்பே. ரந்தம்பே மறுபடி சிறிய தேக்கம், அதில் வந்து விழுவது உமா ஓயா. வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு, மரக்கறி நிலங்களின் மண்ணைச் சுமந்து வருகிற ஓயா. அதற்கும் கீழே பதுளு ஓயா பெருந்தேக்கம் எதுவும் குறுக்கிடாமல் மகாவலியில் சேர்கிறது. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தின் மண் கீழ்மகாவலிக்கு இறங்குகிற திறந்த வழி அது. எங்கள் பக்கத்து மண்ணுக்கு வரிசையாக ஆறு சல்லடைகள், பதுளைப் பக்கத்து மண்ணுக்கு வாசல் திறந்து கிடக்கிறது. "மலையகத்து மண் கிழக்குக் கழிமுகத்தை மூடுகிறது" என்று ஒற்றை வரியில் சொல்கிறவர்கள் எந்த மலை, எந்த ஓயா, எந்தப் பருமனுள்ள மண் என்று கேட்டுவிட்டுச் சொன்னால் நல்லது.

வெருகலும் கொட்டியாரமும்

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கடலைச் சேரும் முன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே போய் மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில் விழுகிறது. மற்றது வெருகலாறு, கிழக்கே திரும்பி நேராகக் கடலுக்குப் போகிறது. 2006இல் போர்க்காலத்தில் மூடப்பட்டு நாட்டையே உலுக்கிய மாவிலாற்று அணைக்கதவு இந்த வெருகல் பக்கத்துத் தண்ணீரைத்தான் வயல்களுக்குப் பிரித்துக்கொடுக்கிறது. மூதூரிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் முன்பு ஒவ்வொரு துறையாகப் பாதையேறிக் கடந்தார்கள். பாதை என்றால் வாகனம் ஏற்றுகிற தெப்பம். 2011 அளவில் பாலங்கள் வந்த பிறகுதான் அந்தக் கிளைகளும் உப்பேரிகளும் பயணிகளின் ஞாபகத்திலிருந்து போயின.

பிரிமுனைக்கு மேலேயே ஆறு கொஞ்சம் மண்ணை இறக்கிவிடுகிறது. மன்னம்பிட்டிக்குக் கீழே மகாவலி சமவெளியில் அகன்று பரவும் இடத்தில் வில்லு என்று சொல்கிற ஆழமில்லாத வெள்ளச் சதுப்புகள் உண்டு. வெள்ளம் கரை தாண்டி வில்லுக்குள் புகுந்ததும் வேகம் விழுந்துவிடும், வண்டல் படியும். மாடுகளும் யானைகளும் மேய்கிற புல் அந்த வண்டலில்தான் முளைக்கிறது. மேலே அணைகள் வெள்ளத்தின் தலையைத் தட்டி அடக்கியதும், வில்லுகளுக்குள் வெள்ளம் புகுகிற நாட்களும் குறைந்தன.

பிறகு உப்பு. என் போத்தல் வரிசையில் ஒன்றில் மட்டும் மாணவி ஒருத்தி ஒரு கரண்டி கறியுப்பைப் போட்டுவிட்டாள். "சேர், கடலுக்குப் போனா என்ன ஆகும்னு பாக்கத்தான்" என்றாள். நான் சொல்லாத பரிசோதனை, ஆனால் அன்று நடந்தவற்றில் அதுதான் சிறந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் போத்தலின் கலங்கல் திரிந்த பால் போலத் திரளத் தொடங்கியது. பின்னேரம் மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. உப்பில்லாத போத்தல்கள் அடுத்த வாரமும் கலங்கலாகவே இருந்தன. நன்னீரில் களித் துணிக்கைகள் ஒரே மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். உப்பு அந்தத் தள்ளலை அடக்கிவிடும், முட்டியவை ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சேர்ந்த திரளைகள் தனித் துணிக்கையைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாக இறங்கக்கூடும். இதற்குக் கடல் அளவு உப்பு தேவையில்லை, ஆயிரத்தில் சில பங்கே போதும். அதனால் அணைகளை எல்லாம் தாண்டி வந்த களி, கடல் உப்பு ஆற்றுக்குள் எட்டிப் பார்க்கிற அந்த முதல் எல்லையிலேயே விழத் தொடங்குகிறது.

கிளைகளில் அது எங்கே விழும் என்பதற்குப் பாடநூல் சொல்கிற பதில், கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குகிற வற்றுப்பெருக்கை மையமாகக் கொண்டது. அடியில் உப்பு நீர் உள்ளே வரும், மேலே நன்னீர் வெளியே போகும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் மண் சிக்கிக் கலங்கல் உச்சம் ஒன்று உருவாகும். பெருக்கு வற்றைவிட வேகமாக இருந்தால் மண் மேல்நோக்கித் தள்ளப்படும். தண்ணீர் நிற்கும் கணத்தில் இறங்கத் தொடங்கிய துணிக்கை அடியைத் தொடுவதற்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும், திரும்பக் கிளப்ப அதைவிடக் கூடிய வேகம் வேண்டும். கிளைகள் பல என்றால் சிக்கல் கூடும். கிளைகளின் நீளமும் ஆழமும் வேறு வேறாக இருப்பதால் பெருக்கு ஒரே நேரத்தில் பிரிமுனைக்கு வந்து சேராது. முந்தி வந்த கிளையின் தண்ணீர் மற்றக் கிளைக்குள் வழியும், அதோடு உப்பும் மண்ணும் போகும். யாங்சி ஆற்றின் வடகிளை இதற்குப் பேர்போனது. 1915இல் ஆற்று நீரில் கால்வாசியைக் கடலுக்குக் கொண்டுபோன அந்தக் கிளை, மண்ணடைந்து இப்போது 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கொண்டுபோகிறது. வரட்சிக் காலத்தில் கடலிலிருந்து உப்பை உள்ளே வாங்கித் தென்கிளைக்குத் தள்ளிவிடுகிறது. தென்புறக் கிளையொன்றில் 12.5 மீற்றர் ஆழக் கப்பல் பாதை வெட்டி, அதை மூடவிடாமல் வருடம் தவறாமல் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வலது கானில் பெரியப்பா பார்த்த வேலைதான். சம்பளம் மட்டும் வேறு.

இந்தப் பாடத்தை அப்படியே மகாவலியின் மேல் ஒட்ட முடியாது. திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உயர வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. யாங்சியிலும் ஐரோப்பிய கழிமுகங்களிலும் தண்ணீரைக் கலக்கி மண்ணை ஏற்றி இறக்குகிற அந்த இயந்திரம் இங்கே பலமற்றது. வெள்ளம் இல்லாத மாதங்களில் உப்பு நாக்கு ஆற்றின் அடியில் ஊர்ந்து உள்ளே வந்து கிடக்கும்; மேலே நன்னீர் தனியாக வழுக்கிப் போகும். வெள்ளம் வந்தால் நாக்கு முழுதாக வெளியே தள்ளப்பட்டு, களி திரள்வதே குடாவுக்குள் நடக்கும். ஆக, இங்கே மண்ணின் இடத்தைத் தீர்மானிப்பவை பருவமழையும் அலையும்.

பருவத்தில் ஒரு முரண் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வைகாசியில் தொடங்குகிற தென்மேல் பருவமழையில்தான் பெருவெள்ளம். அந்த மாதங்களில் மூதூரில் கச்சான் என்கிற வறண்ட காற்றும் வரட்சியும். அணைகள் கட்டுவதற்கு முன் தலவாக்கலையில் பெய்த மழை வரட்சி நடுவே கொட்டியாரக்குடாவில் செந்நீராக வந்து சேர்ந்தது. இப்போது அந்த வெள்ளத்தைத் தேக்கங்கள் வாங்கி வைத்துக்கொண்டு மின்சாரமாகவும் வயல்தண்ணீராகவும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. கழிமுகத்துக்குப் பெரிய வெள்ளம் வருவது மார்கழி தையில், வடகீழ்ப் பருவமழையில். அதுவும் ஊவாவும் சமவெளியும் தருகிற வெள்ளம். அதே மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஆறு வெளியே தள்ளுகிற மணலை அலை திரும்ப வாய்க்குத் தள்ளித் திடலாக்கும். நேர்கடலைப் பார்த்திருக்கிற வெருகல் வாய்க்கு இந்த அடி நேராக விழும். குடாவுக்குள் ஒதுங்கிய மூதூர் வாய்க்கு அவ்வளவு விழாது.

கொட்டியாரக்குடாவுக்கு இன்னொரு தனித்தன்மை, அதன் அடி. திருகோணமலை ஆழ்கடல் பள்ளத்தாக்கு குடாவுக்குள்ளேயே தலையை நீட்டி, அங்கிருந்து 3000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. ஆறு கொண்டுவந்த மண்ணில் ஒரு பங்கு கரையோரம் படிகிறது. குடாவின் அடி சரிவாக இருப்பதால் மீதியில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்தாக்கில் வழுக்கி இறங்கிவிடுகிறது. மகாவலி இவ்வளவு பெரிய ஆறாக இருந்தும் கடலுக்குள் கங்கை, ஐராவதி போல அகலமான படுகையை நீட்ட முடியாததற்கு அந்தப் பள்ளம் ஒரு முக்கிய காரணம் என்பது என் கருத்து.

இதையெல்லாம் எங்கள் போத்தல்களோடு சேர்த்துப் பார்த்தால் கழிமுகத்துக்கு வருகிற மண்ணின் கலவையே மாறியிருப்பது தெரிகிறது. மணல் அணைகளில் நிற்கிறது. தப்பி வந்த ஆற்று மணலையும் கம்பளையிலிருந்து மன்னம்பிட்டி வரை அள்ளிக்கொண்டே போகிறார்கள். களி மட்டும் வந்துகொண்டிருக்கிறது. வாய்த் திடலையும் கரையையும் தாங்குவது மணல். உப்பேரிகளில் சேறாகிக் கண்டல் காட்டுக்குக் கீழே படிவது களி. "மண் கூடிவிட்டது" என்று ஒருவரும் "கரை அரிக்கிறது" என்று இன்னொருவரும் ஒரே நேரத்தில் முறையிட்டால் இரண்டு பேரும் சரியாகவே பேசுகிறார்கள். யாங்சியிலும் கடலுக்குப் போன மண் வருடத்துக்கு 40 கோடித் தொன்னுக்கு மேல் இருந்தது. அணைகள் வந்தபின் 15 கோடித் தொன் அளவுக்கு இறங்கிவிட்டது. அங்கே கழிமுகத்துக்கு முன்னால் கடலடியில் உள்ள படுகை அரிக்கத் தொடங்கியபோதும் கப்பல் பாதையில் சேறு நின்றபாடில்லை.

வலது கானுக்குச் செய்தது

போத்தல் முடிவுகளைப் பெரியப்பாவுக்குக் காட்டினேன். அவருக்கு அது புதினமாக இல்லை. "அடித்தண்ணிதான் இங்க வருதுனு எனக்குத் தெரியும். அத எப்படி நிப்பாட்டுறது, அத சொல்லு" என்றார். இரண்டு காரியம் செய்தோம். வலது கானின் வாயைப் பாறையடியிலிருந்து நாலு முழம் மேலே, கான் வளைகிற இடத்தின் வெளிக்கரைக்கு மாற்றினோம்; வளைவின் வெளிப்புறத்துக்கு மேல்தண்ணீர் வரும், அடித்தண்ணீர் உட்புறம் ஒதுங்கும். அப்புறம் வாயில் ஒரு சாண் உயரத்துக்குக் கல் வைத்தோம், தரையோடு வருகிற தண்ணீர் நேராக நுழையாதபடி. வாரத்துக்கு ஒரு தடவை அள்ளியது மாதத்துக்கு ஒரு தடவை ஆனது.

மணல் குறைந்தது வலது கானில் மட்டும்தான். அதே மணல் நேர்க்கானில் இறங்கி, சிற்றாற்றில் விழுந்து, மேல்கொத்மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. மலையில் அரிப்பு ஒரு கைப்பிடிகூடக் குறையவில்லை. கலங்கல் இரண்டு பக்கமும் முன்போலவே பிரிந்தது. பிரிமுனையில் என்ன செய்தாலும் பங்கீடுதான் மாறும். மொத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் பாறைக்கு மேலே, மரக்கறித் துண்டின் பாத்தியிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் துண்டுக்காரரிடம் குறுக்குப் பாத்தி போடச் சொன்னேன். மழைக்குத் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. குறுக்குப் பாத்திக்கு மெல்லிய சாய்வு கொடுத்து வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும், அதற்குக் கூலி யார் கொடுப்பது?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து மனிதர் புதைந்த நாட்களில் கான் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அதே வெள்ளம் கீழே போய் மாவிலாற்றின் அணைக்கட்டை உடைத்து மூதூர்ப் பக்கத்து ஊர்களை மூழ்கடித்தது. ஒரு வருடத்து மண் ஒரு நாளில் போகும் என்று வகுப்பில் சொன்னதுண்டு. பல வருடத்து மண் ஒரே இரவில் போவதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் லயம் தப்பியது. மேலே மரக்கறித் துண்டோடு ஒரு பக்கம் இறங்கி, கானை மூடி, பாறையைத் தோள்வரை புதைத்துவிட்டது.

தை பிறந்த பிறகு பெரியப்பாவோடு போய்ப் பார்த்தேன். தண்ணீர் பாறைக்கு இடப்பக்கமாகப் புதிதாக ஒரு வழி வெட்டிக்கொண்டு போகிறது. சிறிது தூரத்தில் அதுவும் இரண்டாகப் பிரிகிறது. நாங்கள் வைத்த கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. எந்தக் கிளையை வெட்டித் திறப்பது என்று கேட்டேன். பெரியப்பா ஒரு பிடி காய்ந்த மானாப் புல்லைக் கிள்ளித் தண்ணீரில் போட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது மேல போற தண்ணிதான் தம்பி. மண்ணு எங்கிட்டு போகுதுனு தெரிய ரெண்டு மழ பெய்யட்டும்."